தடையைக் கண்டதும் கையைப் பிடுங்கும் குதிரை: எந்த இரும்பு?

ஏப்ரல் 5, 2025 (தேவகோட்டை வாசகர் கேட்டது)

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தொரோபிரெட் இனக் குதிரை, காயடித்தது, எட்டு வயது. மைதானத்தில் சும்மா சுற்றும்போது ஒரு தொந்தரவும் இல்லை. 80 சென்டிமீட்டர் தடையைப் பார்த்துவிட்டால் தலையைத் தூக்கி, வாயைப் பிளந்து, கையைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. வாய்க்குள் இப்போது போட்டிருக்கும் கடிவாள இரும்பு ஒற்றை மூட்டு ஸ்நாஃபிள், அதாவது நெம்பாமல் நேராக இழுக்கும் சாதாரண வகை. மூன்று வளையம் வைத்து நெம்பி இழுக்கும் காக் இரும்பு போட்டால் அடங்கிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

ஏப்ரல் 6

இன்னும் வேண்டாம். 'இன்னும்' என்று ஏன் சொல்கிறேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி, முதலில் இரும்பைக் கழற்றிவிட்டுப் பகல் வெளிச்சத்தில் வாயைப் பாருங்கள். வாயோரத்தில் கட்டைவிரலை நுழைத்தால் பல்லே இல்லாத ஓர் இடம் தட்டுப்படும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே உள்ள அந்த வெற்றிடத்தில்தான் இரும்பு உட்காருகிறது. தடவிப் பாருங்கள். மெல்லிய தோல், அதற்கடுத்து எலும்பு. இடையில் சதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. நீங்கள் பின்னால் சாய்ந்து இழுக்கும்போது இரண்டு தோள்களின் பலமும் அங்கேதான் இறங்குகிறது.

எட்டு வயது ஆண்குதிரை என்பதால் கோரைப்பல் முளைத்திருக்கும், அது சரி. கடைவாய்ப் பல் வரிசைக்கு முன்னால் தனியாக ஒரு சின்னஞ்சிறு பல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரும்பு அதன்மேல் முட்டும்போதெல்லாம் வலிக்கலாம். கன்னத்தை வெளியிலிருந்து பல்லோடு அழுத்தும்போது குதிரை வெடுக்கென்று தலையை இழுத்தால், மேல் பற்களின் வெளி விளிம்பு கூர்ந்து கன்னத்தைக் கிழிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். குதிரைக்குப் பல் தேயத் தேய வளர்ந்துகொண்டே வரும். மேல்தாடை அகலம், கீழ்த்தாடை குறுகல், அதனால் தேய்மானம் சமமாக இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை ராவ வேண்டும். உள்ளூரில் கை வைக்க ஆள் இல்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்; வண்டியில் ஏற்றிப் போகிற தூரம்தான்.

அடுத்தது, இந்தக் குதிரையின் பழைய வேலை. பந்தயக் குதிரைக்கு லகான் இறுகினால் ஓடு என்று பொருள். ஜாக்கி இரண்டு லகானையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பிடித்துக் கழுத்தில் ஊன்றுகிறார்; குதிரை அந்தப் பிடியின்மேல் சாய்ந்துகொண்டு ஓடுகிறது. சிறு வயதில் படித்த பாடம். தடைக்கு முன்னால் நீங்கள் இழுக்க இழுக்க, அது படித்ததை ஒழுங்காகச் செய்கிறது.

ஏப்ரல் 6, இரவு

அளவு கேட்க மறந்துவிட்டேன். ஒரு வழுவழுப்பான குச்சியை இரும்பு உட்காரும் இடத்தில் வாய்க்குள் குறுக்கே வைத்து, இரு பக்க உதட்டோரத்திலும் குறி போட்டு அளந்து பாருங்கள். அந்த அளவுக்கு மேல் பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் விட்டால் போதும். கடையில் கிடைத்தது என்று ஐந்தரை அங்குலத்தை வாங்கி ஐந்து அங்குல வாயில் மாட்டியிருப்பவர்கள்தான் நம் பக்கம் அதிகம். ஒற்றை மூட்டு இரும்பு அகலமாகிவிட்டால் மூட்டு நடுவில் இருக்காது. லகானை இழுத்ததும் வளைந்து ஒரு பக்கமாக நகரும், மேலண்ணத்தைக் குத்தவும் செய்யும். வாய் பிளப்பதற்கு இதுவே போதும்.

ஏப்ரல் 9

மூட்டு பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார். ஒற்றை மூட்டு மடிந்து நாக்கை இரு பக்கமும் நெருக்குகிறது. நடுவில் சிறு துண்டு வைத்த இரட்டை மூட்டு அவ்வளவு மடிவதில்லை, நாக்கின்மேல் பரவி உட்காருகிறது. வளையம் சுழலும் லூஸ் ரிங் கையின் சிறு அசைவையும் வாய்க்குக் கொண்டுபோகும்; ஆனால் வளையத்தின் துளை தேய்ந்தால் உதட்டைக் கிள்ளும். முட்டை வடிவ வளையம் கிள்ளாது, ஆடாது. கை ஆடுகிறவருக்கு இரண்டாவதுதான் நல்லது. குழந்தைகளுக்குப் பக்கவாட்டுக் கம்பி வைத்தது, திருப்பும்போது வாய்க்குள் வழுக்கி வராது.

ஏப்ரல் 10

"தடித்த இரும்பு சாது, மெல்லியது முரடு" என்று புதுவயல் அண்ணன் எழுதியிருப்பது பாதிதான் உண்மை. மெல்லியது ஒரே கோட்டில் அழுத்தும், அது சரி. ஆனால் குதிரையின் வாய் மூடியிருக்கும்போது உள்ளே இடம் என்று அதிகம் கிடையாது, நாக்கே நிரப்பிக்கொண்டிருக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹிலாரி கிளேட்டன் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தபோது, இரும்பு நாக்கில் பதிந்து கிடப்பது நன்றாகத் தெரிந்தது. தடித்த நாக்கும் தாழ்ந்த அண்ணமும் உள்ள குதிரைக்கு 20 மில்லிமீட்டர் ரப்பரைத் திணித்துவிட்டு, "எவ்வளவு மெத்தென்று போட்டிருக்கிறேன், இன்னும் வாயைப் பிளக்கிறதே" என்று வியந்தால் என்ன செய்வது? 14 முதல் 16 மில்லிமீட்டர் வரை பெரும்பாலான வாய்களுக்கு ஒத்துவருகிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல வரவில்லை. காலையில் பக்கத்துத் தோப்பில் ஒரு பையன், வெயிலில் கிடந்த கடிவாளத்தை அப்படியே எடுத்துக் குதிரைக்கு மாட்டப் போனான். இரும்பை அவன் உள்ளங்கையிலேயே வைக்கச் சொன்னேன், கீழே போட்டுவிட்டான். குளிர்நாட்டு நூல்களில் இரும்பைச் சூடாக்கி மாட்டச் சொல்லியிருக்கும். காரைக்குடிச் சித்திரைக்கு வாளித் தண்ணீரில் போட்டு எடுத்து மாட்டுங்கள். தோல்வாரும் இங்கே பொருக்கென்று காய்ந்து வெடிக்கும். கன்னவாரில் கொக்கி மாட்டுகிற மடிப்பை வாரம் ஒருமுறை வளைத்துப் பாருங்கள். தடையின் நடுவில் அறுந்தால் அப்போது எந்த இரும்பும் கிடையாது.

ஏப்ரல் 18

இப்போது கை.

எங்கள் மைதானத்துக்கு வருகிற பிள்ளைகளில் ஒருவன் வீட்டில் கறவை மாடு இருக்கிறது. விடியற்காலையில் கறந்துவிட்டுத்தான் வருவான். சவாரியில் ஒன்றும் பெரிதாகத் தேறாதவன். ஆனால் லகானை அவன் கையில் கொடுத்த அன்றே குதிரை தலையைத் தாழ்த்திவிட்டது. கறக்கிறவன் காம்பைக் கீழே பிடித்து இழுப்பதில்லை. விரல்கள் மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூடுகின்றன, பிறகு முழுதாகத் திறக்கின்றன. திறக்காவிட்டால் அடுத்த பால் இறங்காது. லகானிலும் அவன் அதையே செய்தான். மோதிர விரல் மூடும், குதிரை ஒரு நூல் அளவு மெதுவாகும், விரல் அந்தக் கணமே திறந்துவிடும். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மூடுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். திறப்பதற்கு மாதக்கணக்காகிறது.

கட்டைவிரல் மேலே இருக்கட்டும். முழங்கை, கை, குதிரையின் வாய் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கட்டும். முழங்கையை நீட்டி விறைத்தால் குதிரையின் கழுத்து ஒவ்வொரு எட்டிலும் முன்னும் பின்னும் போவதற்கு உங்கள் கை தடையாகிவிடும். மைதானத்தில் உள்ள கட்டைத் தடையைப் பற்றி மட்டும் நாம் கவலைப்படுகிறோம்!

தடையின் மேல் கை எங்கே போக வேண்டும்? முன்னால். பிடரியில் கை ஊன்றி, வாயை நோக்கி நகர்த்த வேண்டும். இது இன்று எல்லோரும் சொல்வது. 1907-ல் இறந்த இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடரிகோ கப்ரில்லிக்கு முன்பு வரை, தடையின் மேல் பின்னால் சாய்ந்து லகானைப் பிடித்திழுப்பதே சரியான சவாரி என்று உலகமே நம்பியது. அந்தக் காலப் படங்களைப் பாருங்கள், ஒவ்வொரு குதிரையின் வாயும் அண்ணாந்து பிளந்திருக்கும். குதிரை வட்டமாக முதுகை வளைத்துத் தாண்ட வேண்டுமானால் கழுத்தை நீட்ட வேண்டும். அதற்கு லகான் வழிவிட வேண்டும். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்.

ஏப்ரல் 19

கை முன்னால் போகத் தெரியாத புதியவர்கள் லகானைத் தொட வேண்டியதே இல்லை. பழைய அங்கவடி வார் ஒன்றைக் குதிரையின் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிடுங்கள், தாண்டும்போது அதைப் பிடிக்கட்டும். நிலை தடுமாறினாலும் வாய் பிழைக்கும். போட்டிக்குப் போகிறவர்களும் வெட்கப்படாமல் கட்டிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 27

தேவகோட்டைத் தம்பி பல் ராவி, இரும்பையும் மாற்றிவிட்டாராம்: ஐந்து அங்குலம், இரட்டை மூட்டு. வாய் பிளப்பது நின்றிருக்கிறது, ஓடுவது நிற்கவில்லை. எதிர்பார்த்ததுதான். வலி போனது, பழக்கம் இருக்கிறது.

80 சென்டிமீட்டரை மறந்துவிடுங்கள். சவுக்குக் கட்டைகள் நான்கைந்து போதும். தரையில் ஒரு கட்டை, அதற்கு 2.7 மீட்டர் தள்ளி முழங்கால் உயரத்தில் ஒரு சிறு தடை. டிராட்டில் (துள்ளு நடையில்) வாருங்கள். தரைக் கட்டை குதிரையின் எட்டை அளந்து கொடுத்துவிடும், நீங்கள் அளக்க வேண்டாம். இறங்கியதும் நேராகப் போய் நில்லுங்கள். குரலால், உடம்பை நிமிர்த்துவதால், கடைசியாக விரலால். நின்றதும் லகானை முழுதாக விட்டுவிடுங்கள், கழுத்தைத் தட்டிக் கொடுங்கள், அங்கேயே சற்று நேரம் சும்மா நில்லுங்கள். மறுபடியும். சலிப்பாக இருக்கும், குதிரைக்கும் சலிக்க வேண்டும், அதற்காகத்தான். தடைக்குப் பிறகு ஓட்டம் இல்லை, ஓய்வுதான் என்று அதற்குப் புரிந்துவிட்டால் தடைக்கு முன்னாலும் அவசரம் குறையும்.

தடைக்கு முன் வேகம் கூடினால் இழுக்காமல் வட்டத்தில் திருப்பிவிடுங்கள். ஆனால் கடைசி மூன்று எட்டில் திருப்ப வேண்டாம். அங்கே திருப்பினால் மறுக்கக் கற்றுக்கொள்ளும். போட்டியில் தாண்ட மறுத்தால் முதல் மறுப்புக்கு 4 தண்டப்புள்ளி, சர்வதேச விதியில் இரண்டாவதோடு வெளியே.

இன்னொன்று. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. மூக்கு நுனிக்கு நேர் முன்னால் கொஞ்சம் குருட்டு இடம். தூரத்தில் இருக்கும் தடையைத் தலையை ஏற்றி இறக்கித்தான் அளக்கிறது. அந்த நேரத்தில் தலையைக் கட்டிப்போட்டால் கண்ணைக் கட்டியதற்குச் சமம். ஓடுகிறதே என்று கடைசி எட்டுகளில் தொங்குகிறவர்கள், பார்க்க முடியாத குதிரையைத் தாண்டச் சொல்கிறார்கள்.

மே 2

நேற்று முதல் சர்வதேசப் போட்டிகளில் மூக்குப்பட்டையை அளக்க ஒரே மாதிரி அளவுகோல் வந்துவிட்டது. மூக்கெலும்பின் மேல் பட்டைக்கு அடியில் 1.5 சென்டிமீட்டர் கனமுள்ள அது நுழைய வேண்டும். இதுவரை இரண்டு விரல் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், விரலோ ஆளுக்கு ஆள் வேறு. சிலர் கன்னத்துப் பக்கம் விரலை விட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வார்கள். அங்கே எப்போதும் இடம் இருக்கும். வாய் பிளக்கிறது என்று பட்டையை இறுக்கிக் கட்டுகிற நம் ஊர் வைத்தியமும் இதே கணக்குத்தான். வாயை மூடிவிட்டால் வலி போய்விடுமா?

மே 11

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். பேத்தி சவாரி பழகுகிறாள். "வாயில்லாத ஜீவன் வாயில் இரும்பைப் போடுவதே பாவம் இல்லையா, இரும்பே இல்லாமல் ஓட்ட முடியாதா?" என்று கேட்கிறார்.

முடியும் ஆச்சி. தடை தாண்டும் போட்டியில் இரும்பில்லாத ஹாக்கமோருக்கு அனுமதி உண்டு, பெரிய போட்டிகளிலேயே போட்டு வருகிறார்கள். ஆனால் அது மூக்கின்மேல் அழுத்துகிறது. நெம்புகோல் வைத்த ஹாக்கமோரைத் தாழ்த்திக் கட்டினால், மூக்கெலும்பு மெலிந்து முடிகிற இடத்தில் அழுத்தும், மூச்சுக்கும் இடைஞ்சல். முரட்டுக் கைக்கு இரும்பு வேண்டியதில்லை, தோலாலும் வதைக்கலாம். பேத்திக்கு முதலில் கழுத்துவார் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வண்டிக் குதிரைகளைப் பற்றியும் ஆச்சி வருத்தப்பட்டிருக்கிறார். எல்கைப் பந்தயம் பார்க்கிற நமக்குத் தெரிந்ததுதான். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. இன்னும் அதை மாட்டுகிறவரிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் வண்டிக்காரர் மட்டுமே வாயைப் புண்ணாக்குகிறார் என்று சவாரிப் பள்ளிக்காரர்கள் மார்தட்ட வேண்டாம். டென்மார்க்கில் போட்டிக் குதிரைகள் 3,143-ஐப் பரிசோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் 9.2 சதவீதத்துக்கு வாயோரத்தில் காயம். அத்தனையும் நல்ல தோலும் நல்ல எஃகும் போட்ட குதிரைகள்.

மே 12

முதல் நாள் எழுதிய அந்த 'இன்னும்'.

சாதுவான இரும்பே எப்போதும் கருணையானது என்று நான் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அப்படிச் சொல்லவில்லை. ரப்பர் ஸ்நாஃபிளில் பத்துத் தடையும் தொங்கிக்கொண்டே போகிற பெரியவரையும், பெல்ஹமில் (பக்கக் கம்பியும் தாடைச் சங்கிலியும் வைத்து நெம்பும் இரும்பு) இரண்டு லகான் பிடித்து, கீழ் லகானைத் தளர விட்டு, ஒரு திருப்பத்தில் மட்டும் விரல் மூடித் திறக்கிற சிறுமியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். குதிரையிடம் கேட்டால் சிறுமியைத்தான் சொல்லும். நாற்பது கிலோ பிள்ளை பெரிய குதிரையில் ஏறும்போது, ஒருமுறை மெல்லச் சொல்லி முடிக்கிற இரும்பு, முப்பது முறை இழுக்கிற இரும்பைவிட நியாயமானது.

ஆனால் வாய் நோயில்லாமல் இருக்க வேண்டும். சவாரி செய்கிறவர் லகானைப் பிடித்துக்கொண்டு நிலை நிறுத்துகிறவராக இருக்கக் கூடாது. பெல்ஹம் என்றால் இரண்டு லகான். இரண்டையும் ஒரு வாரில் கோத்து ஒரே லகானாக்கினால் எந்நேரமும் தாடைச் சங்கிலி இறுகியே கிடக்கும். சங்கிலியையும் தாடைக்கு அடியில் முறுக்கில்லாமல் தட்டையாகப் படுக்க வையுங்கள். மற்ற நாள்களில் ஸ்நாஃபிள்தான்.

காக் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் வேறு. கீழ் வளையத்தில் லகான் கட்டி இழுத்தால் இரும்பு வாயோரத்தை மேலே தூக்குகிறது. அதே நேரம் தலைவார் காதுக்குப் பின்னால் உச்சியைக் கீழே அழுத்துகிறது. ஏறு என்றும் இறங்கு என்றும் ஒரே மூச்சில் ஆணை. அதைப் பிரித்துப் பொருள் சொல்லுகிற அளவுக்கு நுட்பமான கை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இங்கே வந்து கேள்வி கேட்பதில்லை. ஏற்கெனவே தலையைத் தூக்குகிற குதிரைக்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

மே 25

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பித்தளைக் குமிழ் வைத்த அழகான கடிவாளம் ஒன்று கிடைத்ததாம். படம் போட்டு, போடலாமா என்று கேட்கிறார் ஒருவர். சுவரில் போடலாம். மூட்டில் விரலை வைத்து மடக்கிப் பாருங்கள். தேய்ந்த மூட்டின் விளிம்பு தோலைக் கிள்ளும். நிக்கல் பூச்சு உரிந்த இடத்தில் நகத்தை ஓட்டினால் நகம் மாட்டுகிறது, நாக்கு மட்டும் மாட்டாதா? நீண்ட கீழ்க்கம்பி இருப்பதால் எவ்வளவு இழுக்கிறோம் என்பதே கைக்குத் தெரியாது. விலையைச் சொல்லாமல் விட்டீர்களே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஜூன் 1

பக்கத்துக் கிராமத்தில் புரவியெடுப்பு. வேளார் வீட்டு வாசலில் வரிசையாக நின்ற மண்குதிரைகளைப் பார்த்தேன். வாய் திறந்து, மேல் உதடு சுருண்டு, பல் வரிசை முழுதும் வெளியே, கடிவாளம் வாயோரம்வரை ஏறி நிற்கிறது. ஐயனார் குதிரைக்கு வீரம் காட்டத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த முறை அந்த முகத்தில் எனக்கு வேறொன்று தெரிந்தது: லகான் இறுகிய குதிரை எப்படி இருக்கும் என்று நன்றாகப் பார்த்தவர் கையிலிருந்து வந்த முகம் அது. வேளாரிடம் சொன்னேன். "சாமி ஏறினால் குதிரைக்குக் கனக்காதா?" என்று கேட்டுவிட்டு வர்ணத்தைக் குழைக்கப் போய்விட்டார்.

ஜூன் 8

தேவகோட்டைக் குதிரை இப்போது சாந்தமாக வருகிறது, ஆனால் பின்காலால் கட்டையைத் தட்டுகிறது என்று தகவல். நல்ல செய்தி, இது சின்ன வியாதி. காணொளியில் பார்த்தேன். முன்கால் தாண்டியதும் தம்பி நிமிர்ந்து கையை மூடிவிடுகிறார். மறுபடி ஓடிவிடுமோ என்ற பயம். முதுகு இறங்கிவிடுகிறது, பின்கால் எப்படி மேலே வரும்? முன்கால் தரையைத் தொட்டு அடுத்த எட்டு தொடங்கும்வரை கை பிடரியிலேயே இருக்கட்டும். விழுகிற ஒரு கட்டைக்கு 4 தண்டப்புள்ளி, அந்த அவசரத்தின் விலை.

பந்தயத்தில் கழித்துவிட்ட குதிரைக்குத் தாண்டல் வராது என்று ஒருவர் இடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உலக உயரச் சாதனை 2.47 மீட்டர், 1949 பிப்ரவரி 5, சிலி நாட்டு வீனா டெல் மார் நகரம், சவாரி ஆல்பர்டோ லாராகிபெல். குதிரை ஹுவாசோ. பந்தயத்தில் தேறாத தொரோபிரெட். இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

மாணிக்கவாசகர் காலத்திலிருந்தே குதிரை வாங்குவதில் நம் பக்கத்துக்கு ஒரு ராசி உண்டு. பகலில் பரி, இரவில் நரி. வாங்கும்போது தரகர் முன்னால் அடக்கமாக நின்ற குதிரை, லாயத்துக்கு வந்ததும் வேறாகிவிட்டது என்று இரண்டு பேர் புகார் எழுதியிருக்கிறார்கள். விற்கிற இடத்தில் என்ன இரும்பு மாட்டியிருந்தது என்று பாருங்கள், அதைக் கழற்றச் சொல்லி ஸ்நாஃபிளில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.

ஜூன் 15

லகானைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வியர்வைக் காலத்தில் வழுக்கும் வெறும் தோல் லகானைவிட ரப்பர் உறை போட்டது மேல். வழுக்குகிறது என்று பயந்தால் கை தானாக இறுகும். கையுறையும் அதற்குத்தான்.

மாடு கறக்கிற பையனை அடுத்த மாதம் கோயம்புத்தூரில் 70 சென்டிமீட்டர் போட்டியில் இறக்கலாம் என்று இருக்கிறேன். அவனுக்குக் கொடுக்கப் போகிற மார்வாரிக் குதிரைக்கு வாய் சின்னது. யாரிடமாவது நாலே முக்கால் அங்குலத்தில் இரட்டை மூட்டு, முட்டை வளையம், தேயாதது இருந்தால் எழுதுங்கள். ஐந்து அங்குலம் வேண்டாம், இரண்டு சும்மா கிடக்கிறது; வேண்டுகிறவர் வந்து எடுத்துக்கொள்ளலாம்.